ஓவியத்துக்கு அனுப்பும் நாய், பூனை போட்டோ எப்படி இருக்க வேண்டும்?

வீட்டு நாயை, பூனையை ஓவியமாக வரைந்து தரச் சொல்லி எங்களிடம் வரும் போட்டோக்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். நின்ற இடத்திலிருந்தே குனிந்து எடுத்தது. தலை பானை மாதிரி, கால்கள் குச்சி மாதிரி, கண்ணுக்குள் டியூப்லைட்டின் வெள்ளைக் கோடு. வீட்டாருக்கு அந்தப் படம் ரொம்பப் பிடித்திருக்கும். தினமும் பார்க்கிற முகம் என்பதால் படத்தில் விட்டுப்போனதை அவர்கள் மனசே நிரப்பிவிடும். வரைபவருக்கு அந்த வசதி கிடையாது. போட்டோவில் என்ன இருக்கிறதோ அதுதான் அவருக்குத் தெரிந்த நாய்.

பின்னால் கிடக்கும் செருப்பு, கொடியில் காயும் துணி, சங்கிலி, ஓரத்தில் தெரியும் யாருடைய காலோ, இதற்கெல்லாம் கவலையே வேண்டாம். வரையும்போது விட்டுவிடலாம். பின்னணியின் நிறத்தை மாற்றலாம், சாய்ந்த படத்தை நிமிர்த்தலாம். ஆனால் கண்ணின் நிறம், மூக்குத் தண்டின் நீளம், நெஞ்சில் முடி எந்தப் பக்கம் படிந்திருக்கிறது, எந்தக் காது மடங்கியிருக்கிறது போன்றவை படத்தில் இல்லாவிட்டால் ஊகித்துத்தான் வரைய வேண்டும். ஊகத்தில் வருவது ஏதோ ஒரு லேப்ரடார். உங்கள் வீட்டு லேப்ரடார் வராது. கீழே சொல்வதெல்லாம் அந்த ஊகத்தைக் குறைக்கத்தான். சாதாரண மொபைலே போதும்.

ஜன்னல் வெளிச்சம்

வெயில் நேராக உள்ளே விழாத ஜன்னல் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வடக்குப் பார்த்த ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள். பகல் முழுக்க வெளிச்சம் ஏறக்குறைய ஒரே சீராக இருக்கும். நம் ஊரில் மே முதல் ஆகஸ்ட் பாதி வரை நடுப்பகல் சூரியன் வடக்கே சாய்ந்திருப்பதால் அந்த ஜன்னலிலும் வெயில் எட்டிப் பார்க்கலாம். அப்போது வெள்ளை வேட்டி ஒன்றை ஒற்றை மடிப்பாகக் குறுக்கே கட்டிவிட்டால் போதும். கொசுவலை இருந்தால் இருக்கட்டும், அது வெளிச்சத்தைச் சற்றுக் குறைக்குமே தவிரக் கெடுக்காது. வாசலில் ஷெட் நிழலோ திண்ணையோ இருந்தால் அதுவும் நல்ல இடம்தான்.

முதல் வேலை, அறையில் எரியும் லைட்டையெல்லாம் அணைப்பது. இதைச் செய்ய யாருக்கும் மனசு வராது, இருட்டாகிவிடுமே என்று. ஆனால் ஜன்னலிலிருந்து வருவது நீலம் கலந்த வெளிச்சம், பல்பிலிருந்து வருவது மஞ்சள். இரண்டும் சேர்ந்தால் முகத்தின் ஒரு பாதி நீலமாகவும் மறுபாதி பழுப்பாகவும் பதிவாகும். மொபைல் இரண்டையும் சமாளிக்கப் பார்த்து மூன்றாவதாக ஒரு நிறத்தைக் கொண்டுவரும். அதில் நாயின் சொந்த நிறம் எது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை.

நாயை ஜன்னலுக்கு 3 அடி தள்ளி உட்கார வையுங்கள். முகம் ஜன்னலை நேராகப் பார்க்கவும் வேண்டாம், முதுகைக் காட்டவும் வேண்டாம், பாதி திரும்பியிருக்கட்டும். நீங்கள் ஜன்னல் பக்கத்துச் சுவரை ஒட்டி உட்காருங்கள். அப்போது முகத்தின் ஒரு பக்கம் வெளிச்சமாகவும் மறுபக்கம் மெல்லிய நிழலாகவும் விழும். கன்ன எலும்பு, கண்குழி, மூக்கின் மேடு எல்லாம் தெரிவது அந்த நிழலால்தான். முன்னாலிருந்து மட்டும் வெளிச்சம் அடித்தால் முகம் அட்டை வெட்டியது போலத் தட்டையாகிவிடும். ஜன்னலை நாயின் முதுகுப் பக்கம் வைத்தால் முகம் கறுத்துப்போகும்.

சரியாக வந்ததா என்று பார்க்க, எடுத்த படத்தைப் பெரிதாக்கிக் கண்ணை மட்டும் பாருங்கள். கருவிழியின் மேல்பகுதியில், கடிகாரத்தில் 10 அல்லது 2 இருக்கும் இடத்தில், ஜன்னலின் சின்னப் பிரதிபலிப்பு ஒன்று இருக்க வேண்டும். அது இல்லாத கண் உயிரில்லாமல் இருக்கும். நாலைந்து புள்ளிகள் இருந்தால் எங்கோ ஒரு லைட் இன்னும் எரிகிறது என்று அர்த்தம்.

ஃபிளாஷ் கூடவே கூடாது. நாய்க்கும் பூனைக்கும் விழித்திரைக்குப் பின்னால் வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும் ஒரு படலம் உண்டு. ராத்திரியில் கார் வெளிச்சம் பட்டால் தெருநாயின் கண் பச்சையாக மின்னுவது அதனால்தான். ஃபிளாஷ் அடித்தாலும் அதே பச்சையோ மஞ்சளோ கண்ணை மூடிவிடும். நீலக்கண் ஹஸ்கி, சயாமீஸ் பூனை போன்றவற்றில் பலவற்றுக்கு அது சிவப்பாகவே மின்னும். கண்ணின் சொந்த நிறம் அந்தப் படத்தில் எங்கேயும் இருக்காது.

தரையையும் கவனியுங்கள். புல்வெளியில் உட்கார்ந்த வெள்ளை நாயின் தாடையும் நெஞ்சும் பச்சை தட்டிப்போகும். சிவப்பு சிமென்ட் தரையில் அடிவயிறு ரோஸ் நிறமாகும். அனுபவமில்லாதவர் அதை நாயின் நிறம் என்றே நினைத்து வரைந்துவிடுவார். சாம்பல் அல்லது மங்கிய பழுப்பு நிறப் போர்வை ஒன்றைக் கீழே விரித்துவிட்டால் இந்தத் தொல்லை போய்விடும். கூடவே ஒரு வெள்ளைத் தாளை நாயின் முகத்தருகே பிடித்து ஒரு படம் எடுத்து வையுங்கள். அந்தத் தாள் எந்த நிறத்தில் விழுந்திருக்கிறது என்பதை வைத்து மற்ற படங்களின் நிறத்தை நாங்கள் சரிசெய்துகொள்வோம்.

உயரமும் தூரமும்

மொபைல் நாயின் கண் மட்டத்துக்கு வர வேண்டும். நாய் உட்கார்ந்திருந்தால் நீங்களும் தரையில் உட்காருங்கள்; டாக்ஸ்ஹண்டோ பூனைக்குட்டியோ என்றால் படுத்துத்தான் எடுக்க வேண்டும். முட்டி வலி உள்ளவர்கள் நாயை மேலே ஏற்றலாம். திண்ணை, சோபா, மாடிப்படியின் மூன்றாவது படி எல்லாமே உதவும். பூனை பெரும்பாலும் தானாகவே ஏறி உங்கள் உயரத்துக்கு வந்திருக்கும்.

உயரத்தைவிடப் பலர் கோட்டை விடுவது தூரத்தில். பக்கத்தில் போனால் முகம் பெரிதாகத் தெரியும் என்று மூக்கருகே மொபைலைக் கொண்டுபோவார்கள். பெரிய நாய்க்கு மூக்கு நுனியிலிருந்து காதின் அடி வரை சுமார் 20 செ.மீ. இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூக்குக்கு 30 செ.மீ. தூரத்தில் மொபைல் இருந்தால் காது 50 செ.மீ. தூரத்தில் இருக்கும். அப்போது காதோடு ஒப்பிட மூக்கு ஒன்றரை மடங்குக்கும் மேல் பெரிதாக விழும். அதே மொபைலை 5 அடி, அதாவது 150 செ.மீ. தள்ளி வைத்தால் இந்த வித்தியாசம் 13 சதவீதமாகச் சுருங்கிவிடும். வீட்டில் அதைப் பார்க்கும்போது நம் கண் காணும் முகமும் ஏறக்குறைய அதுதான். ஓவியம் கைக்கு வந்ததும் ‘எல்லாம் சரியாத்தான் இருக்கு, ஆனா நம்ம டைகர் மாதிரி இல்லையே’ என்று தோன்றுவதற்குப் பல சமயம் இந்தத் தூரம்தான் காரணம்.

ஆகவே 5 அடி தள்ளி உட்கார்ந்து 2 மடங்கு ஜூம் வையுங்கள். மொபைலில் தூரத்துக்கென்று தனி லென்ஸ் இருந்தால் 3 மடங்கும் வைக்கலாம். அது இல்லாமல் விரலால் இழுத்து 5, 10 என்று போனால் முடி எல்லாம் கலங்கிய மாவு போல ஆகிவிடும். பூனைக்கும் சின்ன நாய்க்கும் 3 அடி போதும். தலையின் உயரம் ஏறத்தாழ 1000 பிக்சல் வந்தால் ஏ4 அளவு ஓவியத்துக்குத் தாராளம்.

எந்தக் கோணம் என்பது முகத்தைப் பொறுத்தது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி மாதிரி நீண்ட முகம் உள்ளவற்றை நேர் எதிரே எடுத்தால் மூக்குத் தண்டின் நீளமே காணாமல் போய், நெற்றிக்குக் கீழே ஒரு மூக்கு மட்டும் ஒட்டியிருக்கும். அவற்றுக்கு முக்கால்வாசித் திருப்பம்தான் சரி: இரண்டு கண்ணும் தெரிய வேண்டும், ஒரு பக்கத் தாடைக் கோடும் தெரிய வேண்டும். பக், ஷிட்ஸு, பெர்சியன் பூனை போன்ற தட்டை முகங்களை நேராகவே எடுக்கலாம். லேப்ரடாரும் நாட்டு நாயும் இரண்டுக்கும் ஒத்துவரும். முழுப் பக்கவாட்டு முகம் சிப்பிப்பாறைக்குப் பிரமாதமாக இருக்கும். வீட்டார்தான் இரண்டு கண்ணும் இல்லையே என்று பெரும்பாலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

காது நுனியையும் நெஞ்சையும் வெட்டிவிடாதீர்கள். தலைக்கு மேலே ஒரு சாண், பக்கங்களில் அதே அளவு இடம் விட்டு எடுங்கள். 12-க்கு 16 இன்ச் கேன்வாஸில் எதை எங்கே வைப்பது என்று முடிவு செய்ய அந்த இடம் வேண்டும்.

கறுப்பும் வெள்ளையும்

கறுப்பு நாயை வெள்ளைச் சுவருக்கு முன்னால் உட்கார வைத்தால் மொபைல் சுவரைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைத்துவிடும். வந்து சேர்வது கண்ணும் நாக்கும் ஒட்டிய ஒரு நிழல். பின்னால் நடுத்தர நிறம் ஏதாவது இருக்கட்டும். திரையில் நாயின் முகத்தைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியப் பொத்தானை மேலே தள்ளுங்கள். நெற்றியிலும் கன்னத்திலும் முடியின் பளபளப்பு தெரியத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். படம் உங்களுக்குச் சற்று வெளுத்தது போலத் தெரியும், பரவாயில்லை. கறுப்பு உடம்பின் வடிவத்தை வரைபவர் கண்டுபிடிப்பதே அந்தப் பளபளப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை வைத்துத்தான். நிழலில் எடுத்தால் அது லேசான நீலமாகவும், நேர் வெயிலில் எடுத்தால் செம்பட்டையாகவும் விழும். நீலமே நல்லது, நாயின் கறுப்பு அதில்தான் கறுப்பாக இருக்கும்.

வெள்ளை நாய்க்கு இதற்கு நேர்மாறு. ராஜபாளையத்தை உச்சி வெயிலில் எடுத்தால் முதுகும் நெற்றியும் வெறும் வெள்ளைக் காகிதமாகிவிடும். கறுப்பில் மறைந்ததை ஓரளவு மீட்கலாம். வெளுத்துப்போன இடத்தில் மீட்க ஒன்றுமே இருக்காது, அங்கே எந்த விவரமும் பதிவாகியே இருக்காது. முகத்தைத் தொட்டு, பொத்தானைக் கீழே இறக்கி, முடிக் கற்றைகள் தனித்தனியாகத் தெரியும்வரை குறையுங்கள். படம் சாம்பலாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். ஓவியத்தில் வெள்ளை நாயை வெள்ளைப் பெயின்ட்டில் வரைவது மிகக் குறைவு. நீலம் கலந்த சாம்பலும் வெளிர் மஞ்சளும்தான் அதில் அதிகம், சுத்த வெள்ளை கடைசியில் நாலு இடத்தில் வைப்பதோடு சரி. அந்தச் சாம்பல்களைப் பார்க்க விடுகிற போட்டோதான் வேண்டும். ராஜபாளையத்தின் ரோஸ் நிற மூக்கையும் தேன் நிறக் கண்ணையும் ஒரு தடவை குளோசப்பில் தனியாக எடுத்துவிடுங்கள். அந்த நிறங்கள் நாய்க்கு நாய் மாறும்.

அது ஒத்துழைக்க வேண்டுமே

நம் வெயிலில் நாய் எப்போது பார்த்தாலும் நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சிரைக்கும். அது சிரிப்பது போல இருக்கிறது என்று பலருக்கும் அந்தப் படம்தான் பிடிக்கும். இரைக்கும்போது வாயோரம் பின்னுக்கு இழுபடுகிறது, கண் இடுங்குகிறது, காது பின்னால் போகிறது. அமைதியாக இருக்கும்போது உள்ள முகத்தின் அளவுகள் எல்லாமே மாறிவிடுகின்றன. நாக்கோடுதான் வேண்டும் என்றால் வரையலாம், ஆனால் வாய் மூடிய படம் ஒன்றும் கட்டாயம் கொடுங்கள். காலை 7 முதல் 9 வரை எடுப்பது நல்லது. வாக்கிங் கூட்டிப்போய் வந்து, தண்ணீர் வைத்து, அரை மணி நேரம் ஃபேனுக்கடியில் படுக்கவிட்டால் துள்ளலும் அடங்கியிருக்கும், இரைப்பும் நின்றிருக்கும். வயிறு நிறையச் சாப்பாடு வைத்துவிடாதீர்கள். பசி இருந்தால்தான் பிஸ்கட்டுக்கு மரியாதை.

இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மொபைலோடு முன்னாலேயே தயாராக இருக்க, இன்னொருவர் அவர் தோளுக்குப் பின்னால் நின்று சத்தம் கொடுக்க வேண்டும். பிஸ்கட் கவரைக் கசக்குவது, சாவிக்கொத்து, வாயால் கீச்சென்ற ஒலி என்று ஏதாவது ஒன்று. புதுச் சத்தத்துக்கு நாய் இரண்டு மூன்று தடவைதான் காதைத் தூக்கும், அதற்குப் பிறகு கண்டுகொள்ளாது. அதனால் எல்லாம் சரியாக அமைந்த பிறகே சத்தம் போடுங்கள். பொத்தானை அழுத்திப் பிடித்தால் சில மொபைல்களில் தொடர்ச்சியாகப் படம் விழும், சிலவற்றில் பொத்தானை ஓரமாக இழுக்க வேண்டும். அதில் பத்துப் பதினைந்து எடுத்து, கண் கூர்மையாக விழுந்ததை வைத்துக்கொள்ளுங்கள். மூக்கு கூர்மையாக விழுந்து கண் மங்கியிருந்தால் அந்தப் படம் பயன்படாது. பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். பெயரைக் கேட்டால் எழுந்து ஓடிவந்து லென்ஸை நக்கும்.

காது எப்போதும் எப்படி இருக்கும் என்பதை வீட்டார்தான் சொல்ல வேண்டும். சத்தம் கேட்டு இரண்டு காதும் விறைத்து நின்ற படம் கம்பீரமாக இருக்கலாம், ஆனால் அந்த நாட்டு நாய்க்கு இடக்காது எந்நேரமும் மடிந்தே இருக்குமானால் வரைய வேண்டியது மடிந்த காதைத்தான்.

பூனையை உட்கார வைக்க முடியாது, அது உட்கார்ந்த இடத்துக்கு நாம்தான் போக வேண்டும். பகலில் அது தூங்கும் ஜன்னலோரத்தில் காத்திருங்கள். அதிக வெளிச்சத்தில் அதன் கண் பாப்பா கோடாகச் சுருங்கிப் பார்வை கடுமையாகத் தெரியும். இருட்டில் வட்டமாக விரிந்து கண்ணின் பச்சையும் மஞ்சளும் மறைந்துவிடும். பாப்பா பாதாம் வடிவில் இருக்கும் நடுத்தர வெளிச்சம்தான் வேண்டும். ஜன்னலிலிருந்து நாலைந்து அடி உள்ளே தள்ளியிருந்தால் பெரும்பாலும் அப்படி அமையும். மீசை முடி வெள்ளையாக இருந்தால் பின்னால் அடர்ந்த நிறத் துணி ஒன்று தொங்கட்டும், இல்லாவிட்டால் மீசையே தெரியாது.

குளிப்பாட்டுவதானால் இரண்டு நாள் முன்பே செய்துவிடுங்கள். குளித்த அன்று முடி பஞ்சாகப் பொங்கி நிற்கும். படம் எடுப்பதற்கு முன் கண்ணோரப் பீளையை ஈரத்துணியால் துடைத்துவிட்டால் போதும். ஓவியத்தில் பட்டை வேண்டாம் என்றால் அரை மணி நேரம் முன்பே கழற்றி, கழுத்தில் பட்டை அழுத்திய தடத்தைச் சீவிவிடுங்கள்.

மொபைலில் மாற்ற வேண்டியது கொஞ்சம்தான். லென்ஸைத் துடைப்பது. ஃபில்டரையும் அழகுபடுத்தும் வசதியையும் அணைப்பது. போர்ட்ரெய்ட் மோடையும் விடுவது. பின்னணியை மங்கலாக்கும் சாக்கில் அது மீசையையும் காதோர முடியையும் சேர்த்து அழித்துவிடும். முன்பக்க கேமராவில் எடுக்காதீர்கள். சில மொபைல்கள் அந்தப் படத்தை இடவலம் மாற்றிச் சேமிக்கும், மடிந்த இடக்காது ஓவியத்தில் வலக்காதாகிவிடும்.

முக்கியப் படம் ஒன்று அமைந்த பிறகு, அதே இடத்தில் துணைப் படங்களும் எடுங்கள்: இரு பக்க முகம், கண் மட்டும், மூக்கு மட்டும், நெஞ்சு, பாதங்கள், உடம்பில் உள்ள திட்டுகள், தழும்புகள், முழு உடம்பு நின்றபடி ஒன்று. இவை அழகாக இருக்க வேண்டியதில்லை, தெளிவாக இருந்தால் போதும். இரண்டு செல்லங்களை ஒரே ஓவியத்தில் சேர்ப்பதானால் தனித்தனியாகவே எடுங்கள், ஆனால் ஒரே ஜன்னல், ஒரே பக்கம், ஒரே உயரம். ஒன்றுக்கு இடப்பக்கமும் மற்றொன்றுக்கு வலப்பக்கமும் வெளிச்சம் விழுந்திருந்தால் ஓவியத்தில் இரண்டும் வேறு வேறு வீட்டில் இருப்பது போலத் தெரியும். தரையிலிருந்து தோள் வரை டேப் வைத்து அளந்து உயரத்தையும் எழுதி அனுப்புங்கள்.

இறந்துபோன செல்லத்துக்கு

புதிதாக எடுக்க வழியில்லை; இருப்பதைக் கெடுக்காமல் கொடுப்பதுதான் வேலை. ஆல்பத்தில் உள்ள பிரின்ட்டை பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து, ஸ்கேன் செய்யும் கடையில் 600 டிபிஐ என்று சொல்லிக் கேளுங்கள். 4-க்கு 6 இன்ச் பிரின்ட் அதில் 2400-க்கு 3600 பிக்சலாக வரும். பழைய பிரின்ட் உறையோடு ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்காதீர்கள், முகத்தோடு உரிந்து வரும். உறையோடேயே ஸ்கேன் செய்யலாம். வீடியோக்களையும் தேடுங்கள். 1080 வீடியோவின் ஒரு ஃபிரேம் 2 மெகாபிக்சல்தான், 4கே என்றால் 8. முடி தெரியாவிட்டாலும் தலையைத் திருப்பும் விதமும் காது நிற்கும் விதமும் அதில் கிடைக்கும். மங்கலான படத்தை ஏஐ ஆப்பில் போட்டுத் தெளிவாக்கி அனுப்புவதை மட்டும் தவிருங்கள். அது எங்கோ பார்த்த வேறு நாய்களின் கண்ணையும் முடியையும் ஒட்டித் தரும். பார்க்கத் தெளிவாக இருக்கும், முகம் மாறியிருக்கும். மங்கலான அசலே மேல்.

அனுப்பும்போது

இத்தனை பாடுபட்டு எடுத்ததை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் 4 எம்பி படம் சில நூறு கேபியாகச் சுருங்கிவிடும். எச்டி என்று தேர்ந்தெடுத்தாலும் ஓரளவு சுருக்கும். பேப்பர் கிளிப் குறியைத் தொட்டு, டாகுமென்ட் என்பதைத் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள், படம் அப்படியே வரும். மெயிலில் அனுப்பலாம், ஜிமெயில் ஒரு தடவைக்கு 25 எம்பி வரை ஏற்கும். டிரைவ் லிங்க் என்றால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று மாற்றிவிட்டு அனுப்புங்கள். ஃபேஸ்புக்கிலிருந்தோ இன்ஸ்டாகிராமிலிருந்தோ இறக்கிய படமும் ஸ்கிரீன்ஷாட்டும் ஏற்கெனவே சுருங்கியவை; மொபைல் கேலரியில் உள்ள அசலைத் தேடிப் பிடியுங்கள்.

கூடவே நாலு வரி எழுதுங்கள்: எந்தப் படத்தின் முகபாவம் பிடித்திருக்கிறது, கண் வெளிச்சத்தில் என்ன நிறம், எந்தக் காது எப்படி, பட்டையும் மணியும் வேண்டுமா, முகத்தில் நரை இருந்தால் அதை வைப்பதா எடுப்பதா. ஓவியம் கைக்கு வந்து சேரும்வரை எடுத்த படங்கள் எதையும் அழித்துவிடாதீர்கள். பாதி வேலையில், இடது பின்னங்காலில் இருக்கும் அந்த வெள்ளைத் திட்டு கணுக்காலுக்கு மேலா கீழா என்று கேட்டு மெசேஜ் வரும்.